காய்ச்சல் வந்தது திங்கள், டாக்டரைப் பார்த்தது புதன்

வாசகி கேள்வி:

பாம்பனில் இருந்து தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் போய் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டு வருஷ சர்வீஸ், மாதச் சம்பளம் 24,000 ரூபாய். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கடும் காய்ச்சல். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளித்தேன். புதன்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். டெங்கு என்று சொல்லி அட்மிட் செய்தார்கள். சனிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ், மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அடுத்த புதன்கிழமை வேலைக்குப் போனால், "ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் செல்லாது. முதல் நாளில் இருந்து எம்.சி. (மருத்துவச் சான்று) வேண்டும், ஃபிட்னஸும் (உடல் தகுதிச் சான்று) வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் எதற்கு லீவு?" என்கிறார் மேனேஜர். நான் கொடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கடை குரூப்பில் வேறு போட்டுவிட்டார். எட்டு நாளுக்கு 6,400 ரூபாய் பிடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை தேதி போட்டு எம்.சி. வாங்கித் தருகிறேன், 500 ரூபாய் ஆகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கிக் கொடுத்துவிடலாமா? என் கணவர் விசைப்படகில் போகிறவர். "காய்ச்சலுக்கு எதுக்கு சர்டிபிகேட்?" என்று சிரிக்கிறார்.

தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, அந்த 500 ரூபாய்க்கு இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிச் சாப்பிடுங்கள். டெங்கு வந்த உடம்புக்கு அதுவாவது உதவும்.

கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தத் தெரிந்தவர் வாங்கித் தரும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு கிளினிக்கில் ஒரு டாக்டர் உங்களைத் திங்கட்கிழமை பரிசோதித்தார், காய்ச்சல் இருந்தது, ஓய்வு தேவை என்று இருக்கும். இன்னொரு பக்கம், அரசு மருத்துவமனை கேஸ் ஷீட்டில் உங்கள் வாயாலேயே "இரண்டு நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்" என்று சொன்னது பதிவாகியிருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்தால் எது பொய் என்று கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. உங்கள் மேனேஜரே போதும். அப்புறம் உங்களுடைய நிஜமான காகிதங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, தான் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் டாக்டர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். சான்றின் நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். பொய்ச் சான்று கொடுத்தால் மருத்துவப் பதிவேட்டில் இருந்து அவர் பெயரையே நீக்க முடியும். ஆகவே கடையில் இருந்து ஒரு ஃபோன் போட்டு, "இந்தப் பெயருக்கு இந்தத் தேதியில் சான்று கொடுத்தீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் அந்த டாக்டரே கைகழுவிவிடுவார். மாட்டிக்கொள்வது நீங்கள். பொய் என்று தெரிந்தே ஒரு சான்றைக் கொடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுப்பது. டாக்டரைப் பார்க்காத அந்த இரண்டு நாளின் சம்பளம் 1,600 ரூபாய். அதற்காக எட்டு வருஷ சர்வீஸைப் பணயம் வைக்க வேண்டாம்.

சரி, அந்தத் திங்களுக்கும் செவ்வாய்க்கும் என்ன செய்வது? உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து ஒரு தடவை படியுங்கள். நோயின் பெயருக்கும் மருந்துப் பட்டியலுக்கும் நடுவில், அட்மிட் ஆகும்போது என்ன தொந்தரவோடு வந்தீர்கள் என்று ஒரு வரி இருக்கும். காய்ச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, எத்தனை நாளாக என்று எழுதுவது டாக்டர்களின் வழக்கம். ஓ.பி. சீட்டிலும் முதல் வரி பெரும்பாலும் அதுதான். அங்கே 3 நாள் என்று இருந்தால், புதன், செவ்வாய், திங்கள் மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. அதை எழுதிய டாக்டருக்கு உங்கள் மேனேஜரையும் தெரியாது, உங்கள் சம்பளப் பிரச்சினையையும் தெரியாது. தகராறு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, வைத்தியத்துக்காகக் கேட்டு எழுதிக்கொண்டது அது. நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, பின்னால் கேட்டு வாங்கும் முத்திரை குத்திய சான்றுக்குக் கிடையாது.

அதற்குத் துணையாகத் திங்கட்கிழமை காலை மேனேஜருக்கு நீங்கள் போட்ட வாட்ஸ்அப் இருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மெடிக்கலில் பில் வாங்கினீர்களா? நம் ஊரில் பாராசிட்டமால் வாங்கிவிட்டு யாரும் பில் கேட்பதில்லை, தெரியும். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு போதும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த தேதி இருக்கும். டெங்கு என்று உறுதியானால் மருத்துவமனை சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு தெருவில் புகை அடிக்கவோ, வீட்டுத் தண்ணீர் டிரம்மில் புழு இருக்கிறதா என்று பார்க்கவோ ஆள் வந்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். நல்ல தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்து நாள் கணக்கில் புழங்கும் நம் கடற்கரை ஊர்களில் அந்தக் கொசுவுக்கு என்ன குறை?

இப்போது எம்.சி.க்கு வருகிறேன். கேட்பதற்கு மேனேஜருக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பவர் ஆதாரம் கேட்பது நியாயம்தான். ஏர்வாடி சந்தனக்கூடு நேரத்திலும் தங்கச்சிமடத்துத் திருவிழா நேரத்திலும் ராமநாதபுரம் கடைகளில் எத்தனை பேருக்குத் திடீர்க் காய்ச்சல் வரும் என்று எந்த முதலாளியைக் கேட்டாலும் சொல்வார். அவருடைய சந்தேகத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அரசு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி "செல்லாது" என்று அவர் சொன்னது தவறு. நோய் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: இந்த நோயால் இத்தனை நாள் இவர் வேலைக்குப் போகக் கூடாது என்ற மருத்துவரின் கருத்து. எம்.சி. அதற்காகத்தான்.

அதை வாங்குவது கஷ்டமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போங்கள். உங்களைப் பார்த்த டாக்டரோ, இல்லாவிட்டால் வார்டு பொறுப்பில் இருக்கும் டாக்டரோ எழுதித் தரலாம். விடுப்புச் சான்றுக்கு மேலே சொன்ன விதிகளில் ஒரு மாதிரிப் படிவமே இருக்கிறது. நோயாளி டாக்டரின் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும், அடையாளக் குறி எழுத வேண்டும், அதற்குக் கீழே இன்ன நோய், இன்ன தேதியில் இருந்து இத்தனை நாள் பணிக்கு வராமல் இருப்பது அவசியம் என்று டாக்டர் சான்றளிக்க வேண்டும். கையெழுத்து உங்களுடையதும் இருக்க வேண்டும் என்பதால், ஆள் அனுப்பி வாங்கும் வேலை வேண்டாம்.

சான்று கொடுக்கும் தேதி, நீங்கள் போய் வாங்குகிற தேதியாகவே இருக்கட்டும். "பழைய தேதி போட்டுக் கொடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். இன்றைய தேதியில், "மருத்துவமனைப் பதிவுகளின்படி புதன் முதல் சனி வரை உள்நோயாளியாக இருந்தார், வரும்போது மூன்று நாள் காய்ச்சல் இருந்ததாகச் சொன்னார், டிஸ்சார்ஜுக்குப் பின் மூன்று நாள் ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது" என்று எழுதுவதில் எந்தப் பொய்யும் இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் அதற்குத் தயங்கமாட்டார்கள். "நான் பார்த்தது புதனில் இருந்துதான், அதற்கு முன்னால் எழுதமாட்டேன்" என்று டாக்டர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்வதும் சரிதான். அந்த இரண்டு நாளுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியே தொலைந்துவிட்டது என்று சிலர் வருவார்கள். அவர்களுக்கும் வழி உண்டு: உள்நோயாளி பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஃபிட்னஸ் சான்றை அதே நாளில் அதே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அது அவசியமா என்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அதற்காக ஒரு சண்டை வேண்டாம்.

காய்ச்சல் விட்ட பிறகு எதற்கு ஓய்வு என்று கேட்டாரே, அதற்கு என்னைவிட டாக்டர்தான் நன்றாகப் பதில் சொல்வார். டெங்குவில் காய்ச்சல் குறைகிற கட்டத்தில்தான் தட்டணுக்கள் இறங்குவதும், ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவதும், சிலருக்கு ரத்தக் கசிவும் வருகின்றன. அதைத் தாண்டிய பிறகும் அசதி சீக்கிரம் போகாது. ஓய்வு எடுக்கச் சொன்னது டாக்டர். அது டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில், அறிவுரை என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். போதும்.

பிடித்த சம்பளத்துக்கு வருவோம். உங்களுக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25-வது பிரிவு மூன்று விதமான விடுப்பைத் தருகிறது. ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. அது போக, நோய் அல்லது விபத்துக்காகச் சம்பளத்தோடு வருஷத்துக்கு 12 நாள் வரை. அதுவும் போக, நியாயமான எந்தக் காரணத்துக்கும் சம்பளத்தோடு 12 நாள் வரை சி.எல். (தற்செயல் விடுப்பு). இந்த வருஷம் நோய் விடுப்பில் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒன்றும் எடுக்கவில்லை என்றால் எட்டு நாளும் அதற்குள் அடங்கும். டாக்டர் திங்கள், செவ்வாயைச் சேர்த்து எழுத மறுத்தாலும், புதன் முதல் செவ்வாய் வரை ஞாயிறு நீங்கலாக ஆறு நாளை நோய் விடுப்பாகவும் முதல் இரண்டு நாளை சி.எல்.லாகவும் கேளுங்கள். 500 ரூபாய் எம்.சி. செய்யப்போகும் வேலையை இந்த ஒரு பிரிவு செய்துவிடும். "நம்ம கடையில் சி.எல்., மெடிக்கல் லீவு எல்லாம் கிடையாது" என்று சொல்கிற கடைகள் நிறைய உண்டு. கடை வழக்கம் சட்டத்தை மாற்றாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் துணி எடுத்துக் காட்டும் பெண்களுக்கு இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, மாதா மாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால், அவர்களுடைய கணக்கே வேறு. 13,500 ரூபாய் சம்பளத்தில் 0.75 சதவீதம், 102 ரூபாய் என்று சம்பளச் சீட்டில் ஒரு வரி இருக்கும். அதற்கு முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அவர்களுக்கு நோய் விடுப்புக் காலத்தில் பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ.: சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கு உரிய முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒரே மாதிரியான பலனை இ.எஸ்.ஐ.யிலும் இன்னொரு சட்டத்திலும் சேர்த்து வாங்க முடியாது. சான்றும் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் இருந்தே வர வேண்டும். பக்கத்துத் தெரு டாக்டரிடம் வாங்கிய எம்.சி.யை நீட்டினால் நேராக ஏற்கமாட்டார்கள். ஆகவே காய்ச்சல் என்றால் அவர்கள் முதலில் போக வேண்டியது தங்கள் கார்டில் எழுதியிருக்கும் மருந்தகத்துக்குத்தான். அங்கே ஒரு நல்ல பாதுகாப்பும் உண்டு: இ.எஸ்.ஐ. நோய்ப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் கிடையாது. மண்டபம் பக்கம் இறால், நண்டு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் நோய் விடுப்பு என்று தனியாக இல்லை, இ.எஸ்.ஐ. இருந்தால் அதுதான் துணை.

உங்கள் கணவர் சிரித்தது எனக்குப் புரிகிறது. படகில் அவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை, ஏனென்றால் கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கடலுக்குப் போனால் பங்கு, போகாவிட்டால் இல்லை. காய்ச்சலை நம்புவார்கள், கூலி தரமாட்டார்கள். உங்களிடம் காகிதம் கேட்கிறார்கள் என்றால், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் சம்பளத்தோடு ஒரு உரிமை இருக்கிறது. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருக்கும்போது சாவகாசமாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் விஷயம்தான் என்னைக் கோபப்படுத்தியது. சான்றில் நோயின் தன்மை என்ன என்று இருப்பது வழக்கம். விடுப்பைக் கொடுக்கும் ஒருவர் அதைத் தெரிந்துகொள்ளலாம். நாற்பது பேர் இருக்கும் குரூப்புக்கு அதில் என்ன வேலை? இன்று உங்களுக்கு டெங்கு. நாளை வேறொரு பெண் கருப்பைச் சிகிச்சைக்கோ, மனநலச் சிகிச்சைக்கோ விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. தொற்று பற்றிய தகவலை ஒருவரின் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மனநலச் சிகிச்சை பற்றிய தகவலுக்கும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பைத் தருகிறது. டாக்டரிடமே, "நோயின் பெயரைப் பொதுவாகப் போட முடியுமா?" என்று கேட்கலாம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வு என்ற அளவில் எழுதித் தருபவர்கள் உண்டு. இனிமேல் லேப் ரிப்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். வழக்கமாகக் கடைக்கு எம்.சி. மட்டும் போதும் (இந்தத் தடவை நாள் கணக்கில் தகராறு என்பதால் டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் வேண்டியிருக்கிறது). அதையும் ஒட்டிய உறையில், ஒரே ஆள் கையில் கொடுங்கள்.

அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. முதல் நாளே பஸ் ஏறிப் போக முடியாத உடம்பு என்றால், அரசின் இ-சஞ்சீவனியில் ஃபோனிலேயே டாக்டரைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தேதியோடு மருந்துச் சீட்டு வந்துவிடும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவர் இருந்து, அவரிடம் நிலவேம்புக் குடிநீர் வாங்கிக் குடித்திருந்தால் அந்த ஓ.பி. சீட்டும் ஆதாரம்தான். பதிவு பெற்ற சித்த மருத்துவருக்கும் சான்று எழுதும் அதிகாரம் உண்டு. மருந்தைவிட அந்தச் சீட்டு முக்கியம் என்று சொல்லவரவில்லை. ஆனால் முதல் நாள் எங்காவது உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

இப்போது முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மேனேஜருக்கு வேண்டாம். நீளமாகவும் வேண்டாம். இந்த அளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் கடையில் எட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். கடந்த மாதம் (தேதிகள்) டெங்கு காய்ச்சலால் பணிக்கு வர இயலவில்லை. முதல் நாள் காலையிலேயே மேனேஜருக்கு வாட்ஸ்அப் மூலம் தெரிவித்தேன். மருத்துவச் சான்று, உடல் தகுதிச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைத்துள்ளேன். இந்த எட்டு நாட்களைத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 25-இன்படி சம்பளத்துடன் கூடிய விடுப்பாகக் கணக்கிட்டு, பிடித்தம் செய்த 6,400 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது மருத்துவ அறிக்கை கடையின் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டுள்ளது. அதை நீக்கச் சொல்லுமாறும் வேண்டுகிறேன்."

சி.எல். வழியாகக் கேட்பதாக இருந்தால் அந்த இரண்டு நாளை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். குரூப்பில் இருக்கும் பதிவை அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அசல் காகிதம் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள், எம்.சி. தவிர. எம்.சி.யையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கொடுங்கள். கடிதத்தின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்துக் கேளுங்கள். போடமாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கு மேற்பட்ட தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிக்குப் பல நேரம் மேனேஜர் செய்ததே தெரிந்திருக்காது. இரண்டு வாரம் பார்த்தும் பதில் இல்லை என்றால், கடிதத்தின் நகலோடு ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இதை மனதில் வைத்து வேலையை விட்டு அனுப்பப் பார்த்தால் அப்போது எனக்கு எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதிலான சம்பளமோ இல்லாமலும் நீக்க முடியாது என்று அதே சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. அதன் கீழ் மேல்முறையீடு செய்யக் குறுகிய காலக்கெடுதான் உண்டு. அதனால் ராஜினாமா என்று எதை நீட்டினாலும், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.